எட்டு இருக்கைகளுக்கான தோல்

ஐயா,

விமானத்தைப் பார்க்கப் பெங்களூர் போன அன்று காலை நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஆம்பூரில் வண்டியை நிறுத்தி மூன்று பேரும் பொடி இட்லி சாப்பிட்டதாக ஹெலன் தன் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறாள் என்றீர்கள். நான் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். தோல் பார்க்கப் போகும் நாளில் நான் கையால் எதையும் சாப்பிடுவதில்லை. விரலில் எண்ணெய் இருந்தால் தோலுக்குள் இருக்கும் எண்ணெய் பிடிபடாது. ஆனால் அவளுக்கு வயது முப்பத்தொன்று, எனக்கு ஐம்பத்து நான்கு. அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். என் ஞாபகத்தில் இப்படிச் சில ஓட்டைகள் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோதண்டபாணி முதலாளியின் தோல் தொழிற்சாலையில் நான் செலக்டர். இருபத்தாறு வருடமாக. வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே என் மேசை. ஒவ்வொரு தோலாக மேசை மேல் விரிப்பார்கள். பார்ப்பேன், தடவுவேன், மடித்து விடுவேன், உள்புறத்தில் சாக்பீஸால் ஒரு எண் எழுதுவேன். ஒன்று என்றால் முதல் தரம். ஆறு என்றால் யாரும் பார்க்காத இடத்துக்குப் போவது. ஒரு தோலுக்குப் பன்னிரண்டு விநாடி. மேசைக்கு எதிரே நிற்பவன் பேசினால் எனக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான். "உங்க வாய்ல இருந்து ஒரு வார்த்த வாங்கறதுக்குள்ள உலை கொதிச்சுடும்" என்பாள் என் மனைவி மெர்சி. மாலையில் வந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் படுக்கும்வரை அப்படியே இருப்பேன். அதனால் இவ்வளவு நீளமாக நான் எழுதுவது உங்களைவிட எனக்குத்தான் ஆச்சரியம்.

விமான விஷயம் போன வருடம் பொங்கல் முடிந்து ஆரம்பித்தது. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா தானியேல், ஏரோப்ளேன் பாத்துட்டு வர்றியா?"

"எனக்கு அதப் பத்தி இன்னா முதலாளி தெரியும்?"

"சீட்டு தெரியும்ல? இஞ்சின எல்லாம் சவுரியம்மா பொண்ணு பாத்துக்கும். நீ உள்ள போயி குந்திப் பாரு. நம்ம தோல் போட்டா எப்டி இருக்கும்னு சொல்லு."

பெங்களூரில் ஒரு கொட்டகையில் நின்றது அந்த விமானம். எட்டு இருக்கை, இருபத்து மூன்று வயது. முதலாளிக்கு அதை வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசை. வெளிநாட்டு வியாபாரிகளை அதில் ஏற்றிவந்து, தன் தோலில் உட்காரவைத்து, தன் தோலை விற்க வேண்டும். தனக்கு வேலையில்லாத நாட்களில் வாடகைக்கு விடலாம். வாங்குவதா, வேண்டாமா, வேண்டும்போது வேறொன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்வது மேலா என்று பார்த்துச் சொல்லத்தான் எங்களை அனுப்பினார்.

ஹெலன் விமானப் பராமரிப்புப் பொறியாளர். அவள் அம்மா சவுரியம்மாள் எங்கள் காலணிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் மேல்பாகம் தைத்தவள். ஹெலன் படிக்கப் போனபோது கம்பெனி உதவித்தொகைக்கான கடிதத்தை முதலாளியிடம் எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கியவன் நான். மூன்றாவது ஆள் பூங்குழலி. திமிரிக்காரப் பெண். எங்கள் ஷோரூமில் வியாபாரிகளை வரவேற்கும் வேலை. விமானம் வந்தால் அதில் பணிப்பெண்ணாகப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்கான பயிற்சியில் சேர்ந்திருந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

விமானத்துக்குள் நுழைந்ததும் என்னைத் தாக்கியது வாசனை. தோல் பதனிடும் ஊரில் பிறந்தவனுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வேலூரில் படித்தபோது என் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். என் சட்டையில் இருந்த சுண்ணாம்பு, சாண வாடை எனக்கும் தெரியும், அவர்களைவிட முன்பே தெரியும். ஆனால் அது வேலையின் வாடை. விமானத்துக்குள் இருந்தது மனிதர்களின் வாடை. இருபத்து மூன்று வருட முதுகு வியர்வை, சிந்திய மது, கழற்றிய காலுறை. இருக்கையின் இடுக்கில் விரலை விட்டேன். வெட்டிய நகம், நரைமுடி, பாதி சப்பிய மிட்டாய் ஒன்று. கைப்பிடிக்கு அடியில் யாரோ மூக்கைத் துடைத்து ஒட்டியிருந்தார்கள். இவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள், கோடிகளைப் பேசிக்கொண்டு பறந்தவர்கள். இருக்கையின் தோலோ நான்காம் தரம். தேய்த்து, மேலே பெயிண்டைப் பூசி, அச்சில் போட்டு ரேகை பதித்தது. உண்ணிக்கடி, கொம்பு கிழித்த தழும்பு எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள்.

பூங்குழலி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். "சார், பஸ்ஸு சீட்டு இதுக்கு தேவல."

"எழுந்திரு, டிரெஸ்ல ஒட்டிக்கும்" என்றேன்.

"இன்னா சார், தோல் ஊர்ல இருந்துக்குனு அருவருப்பு பாக்கறீங்க?" என்று சிரித்தாள்.

ஹெலன் பின்னால் கழிவறைத் தரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாள். உள்ளே டார்ச் அடித்துக் காட்டினாள். கழிவறைத் தொட்டியின் நீலத் திரவம் வருடக்கணக்காகக் கசிந்து கீழே இருந்த உலோகத்தை அரித்திருந்தது. வெள்ளைப் பொடி, ஈரத்தோலில் பூஞ்சை பூத்ததுபோல். நான் திரும்பிக்கொண்டேன். அவள் முகத்தை அதில் இருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

மூன்று நாள் பார்த்தோம். அவள் முடிவு தெளிவாக இருந்தது. வருடத்துக்கு இருநூறு மணி நேரத்துக்குக் குறைவாகப் பறப்பவர் இதைச் சொந்தமாக வாங்கக்கூடாது. வாடகைக்கு எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டு இஞ்சினுக்கும் பெரிய பராமரிப்பு நெருங்கிவிட்டது. அரிப்பைச் சரிசெய்ய வேண்டும். கடைசியாக, இருக்கைகளை எப்போதோ யாரோ மாற்றித் தைத்திருக்கிறார்கள், அந்தத் தோலுக்குத் தீச்சோதனைச் சான்று இல்லை. சான்று இல்லாமல் வாடகை அனுமதி கிடைக்காது. வாங்கியே தீருவதென்றால் இதெல்லாம் முடிந்தபிறகே பறக்கலாம் என்று நாற்பத்தொரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தாள். முதலாளிக்காக அதை நான் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கினேன். இஞ்சின், அரிப்பு இரண்டையும் எழுதினேன். அவை சரிசெய்யப்பட்டன, அதில் குறை இல்லை. 'சொந்தமாக வாங்கக்கூடாது' என்ற வரிக்குப் பதிலாக 'உட்புறத்தை மாற்றினால் முதல் தரத்துக்கு வரும்' என்று எழுதினேன். அது பொய் இல்லை. என் மேசையில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

முதலாளி வாங்கினார்.

தோலுக்கு நான்தான் பொறுப்பு. ஹெலன் ஒருநாள் தொழிற்சாலைக்கு வந்தாள். சாம்பிள் அறையில், எங்களுடைய மிக மென்மையான தோலில் ஒரு பட்டையை நறுக்கி, கிடுக்கியில் தொங்கவிட்டு, கீழே சுடரைப் பிடித்தாள். "பன்னெண்டு எண்ணுங்க அங்கிள்" என்றாள். எண்ணினேன். சுடரை எடுத்தாள். "இப்ப பதினஞ்சு செகண்டுக்குள்ள தானா அணையணும்." அது அணையவில்லை. மென்மைக்காக நாங்கள் ஏற்றும் எண்ணெய் அதில் இருந்தது. நாற்பது விநாடி எரிந்ததாக எனக்கு ஞாபகம். ஒரு நிமிடத்துக்கு மேல் என்று ஹெலன் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்த வாடை முடி பொசுங்கும் வாடை. நான் வெளியே போய் நின்றேன்.

"பாத்தீங்கல்ல? இதுக்குத்தான் தீத்தடுப்பு மருந்து ஏத்தணும்" என்றாள். தோலுக்கு அடியில், பஞ்சு மெத்தையைச் சுற்றி ஒரு தீத்தடுப்புத் துணியும் போடவேண்டும் என்றாள். தோல் எரிந்தாலும் துணி மெத்தைக்குத் தீயை விடாது. மெத்தை பற்றினால் வரும் புகையில் ஒரு சின்ன அறைக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. இதை அவள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதில் ஓட்டை இல்லை.

டிரம் என்றால் தோலையும் மருந்தையும் போட்டுச் சுழற்றும் மரப்பீப்பாய். முதல் டிரம்மில் மருந்து ஏற்றினோம். சொன்ன அளவு, சொன்ன நேரம். காய்ந்து என் மேசைக்கு வந்தபோது நான் ஒன்றைத் தொட்டேன். தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். ஐயா, நீங்கள் தோல்காரர் இல்லை, உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உப்பு பூத்த வியர்வையைத் தொட்டதுபோல் இருந்தது. மடித்தால் அப்பளம்போல் சத்தம் போட்டது. நான் பொறுக்கி எடுத்த தோல்கள் அவை. முள்கம்பி கிழிக்காத, உண்ணி கடிக்காத இருபத்து நான்கு மாட்டுத் தோல்கள். அந்த மாதிரி இருபத்து நான்கு சேர ஒரு வருடம் ஆகும். அவற்றை இப்படிப் பிணமாக்கி, அதன்மேல் மறுபடியும் அந்தப் பெரிய மனிதர்களை உட்காரவைத்து, நகம் வெட்டவும் மூக்கைத் துடைக்கவும் விடப் போகிறோம். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

அந்த டிரம்மில் இருந்து, நல்ல முதுகுப் பகுதியில், பத்துப் பட்டைகள் நறுக்கிச் சோதனைக்கு அனுப்பினேன். எல்லாம் தேறின. சான்று வந்தது. மிச்சத்தைக் கட்டுமானத் தொழிலாளர் பூட்ஸுக்குத் தள்ளிவிட்டேன். பிறகு அடுத்த வருடத்துக்கு என்று ஒதுக்கியிருந்த இருபத்து நான்கை எடுத்து, மருந்து இல்லாமல், எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி, இரண்டாவது டிரம் போட்டேன்.

எங்கள் தொழிலில் இது புதிது இல்லை. சாம்பிள் என்றால் இருப்பதிலேயே நல்லதை நறுக்கிக் கொடுப்பது. வாங்குகிறவனுக்கும் அது தெரியும், சரக்கு ஒரு படி கீழே இருக்கும் என்று கணக்கில் வைத்துத்தான் விலை பேசுவான். நான் செய்ததில் சரக்கு சாம்பிளைவிட மேலே இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒருமுறைதான் அனுப்பியிருக்கிறேன். விமானக்காரர்களுக்கு சாம்பிளும் சரக்கும் ஒன்றே என்பதை நான் மறந்துவிட்டேன் என்று, இந்தக் கடிதத்துக்காக நான் பார்த்த வக்கீல் எழுதச் சொன்னார். மறக்கவில்லை.

"அங்கிள், டெஸ்ட்டுக்குப் போனதும் சீட்டுக்குப் போறதும் ஒரே டிரம்தான?" என்று ஹெலன் போனில் கேட்டாள்.

"ஒண்ணுதாம்மா" என்றேன்.

இருக்கை தைத்தவர் வாஹித் பாஷா. பேர்ணாம்பட்டுக்காரர், சோபா, கார் சீட் எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்தில் அவரைப்போல் கை கிடையாது. இரண்டு இருக்கை முடித்திருந்தார். போய்ப் பார்த்தேன். தோலுக்கு அடியில் இருந்த அந்தக் கறுப்புத் துணி முரடாக இருந்தது. ஓரங்களில், வளைவு திரும்பும் இடத்தில், மெல்லிய சுருக்கங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் துணி தன்னைக் காட்டிக்கொண்டது.

"பாய், மீதி ஆறுக்குத் துணி வாணாம். பஞ்சு மேல நேராப் போடுங்க."

அவர் ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், அது நெருப்புக்குன்னு அந்தப் பொண்ணு ஜாஸ்தி வாட்டி சொல்லிட்டுப் போச்சே."

"ஹெலன் மேடம்தான் சொன்னாங்க. தோல்லயே மருந்து இருக்கு, துணி ரெண்டு சீட்டுக்குப் போதுமாம்."

"அவங்க சொன்னா சரி. நமக்கு இன்னா, வேல கம்மி" என்றார். ஆனாலும் ஒருமுறை அந்தத் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டுத்தான் சுருட்டினார்.

துணி போட்ட இரண்டு இருக்கைகளையும் வாசலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னது நான். தோல் கட்டு ஒன்றைச் சோதிக்க வருகிறவன் மேலே இருப்பதைத்தான் திறப்பான். எந்த ஊர்க்காரனாக இருந்தாலும்.

கடைசிப் பார்வைக்கு ஹெலன் வந்தாள். ஒவ்வொரு இருக்கையையும் தடவினாள். "ரொம்ப சாஃப்டா இருக்கே அங்கிள், மருந்து ஏத்துனா இப்டி வருமா?" என்றாள்.

"வர வெச்சிருக்கேன்" என்றேன்.

"சரி, ஒண்ணு திறந்து பாத்துடறேன். கட்டுல மேல இருக்கறதக் காட்டாதீங்க" என்று சிரித்தாள். அவளும் இந்த ஊர்ப் பெண்தானே.

 நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். பிறகு, "நீயே எடும்மா. எது வேணுமோ அத திற" என்றேன்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற கூச்சம். அந்த உதவித்தொகைக் கடிதம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அவள் பின்னால் போகவில்லை. பக்கத்தில் இருந்த முதல் இருக்கையின் ஜிப்பைப் பாதி திறந்தாள், கறுப்புத் துணியைப் பார்த்தாள், மூடினாள். கையெழுத்துப் போட்டாள். நாலாவதையோ ஐந்தாவதையோ அவள் திறந்திருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பூங்குழலி அன்று சீருடையில் வந்திருந்தாள். ஐந்தாம் இருக்கையின் கைப்பிடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "சார், பூனக்குட்டி மாதிரி இருக்கு. இதுல யாரையும் உக்கார விட மாட்டேன், போங்க." எங்கள் தோலைப் பற்றி எத்தனையோ வியாபாரிகள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

பதினேழு வாடகைப் பயணம் போய்வந்தது. பதினெட்டாவது பயணம் அக்டோபரில். ஐந்து பயணிகள். யாரோ ஒருவருடைய பவர்பேங்க் ஐந்தாம் இருக்கையின் இடுக்கில் நழுவி விழுந்தது, சாய்மானம் அதை நசுக்கியது. மற்றவை உங்கள் கோப்பில் இருக்கின்றன. தீயணைப்பு உருளையை அடித்தும் அடங்கவில்லை, ஏனென்றால் தீ அதற்குள் மெத்தைக்குள் போய்விட்டது. பூங்குழலி முன்னிருக்கைக்காரர்கள் இருவரை விமானிகளின் அறைக்குள் தள்ளிக் கதவை மூடிவிட்டு மறுபடி பின்னால் போனாள். பத்தொன்பது நிமிடத்தில் தரையிறக்கினார்கள். பின்னால் இருந்த மூன்று பேரும் அவளும் புகையில் இறந்துவிட்டார்கள்.

முதல் இரண்டு இருக்கைகள் ஏன் எரியவில்லை என்பது உங்கள் நிபுணர்களுக்குப் புரியவில்லை. காற்றோட்டத்தின் திசை என்று எழுதியிருக்கிறார்கள். மிச்சத் துணி பதினொரு மீட்டர் என் சாம்பிள் அறையில், மூன்றாவது அடுக்கில், சாக்பீஸ் பெட்டிகளுக்குப் பின்னால் சுருட்டி இருக்கிறது. யாரும் அங்கே தேடவில்லை.

ஒரு வருடம் சும்மா இருந்தேன். துணியை எடுக்கச் சொன்னது ஹெலன் என்று வாஹித் பாஷா சொன்னார். யார் மூலம் சொன்னாள், எந்தெந்த இருக்கையில் எடுத்தார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிச் சொல்லவே இல்லை என்று ஹெலன் சொன்னாள். ஆளுக்கு ஆள் பழிபோடுகிறார்கள் என்று நீங்கள் இரண்டு பேரையும் பிடித்தீர்கள். ஐயா, இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார்கள். என்னிடம் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: சான்று அசலா? அசல் என்றேன். சவுரியம்மாள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். "தானியேல் அண்ணே, எம்பொண்ணு ஏமாத்தறவ இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று அழுதாள். மெர்சி காப்பி கொடுத்தாள். எனக்குப் பேச வரவில்லை. நான் எப்போதும் அப்படித்தான் என்று மெர்சி அவளுக்குச் சமாதானம் சொன்னாள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன வாரம் விசாரணை அறிக்கை வந்தது. அறுபத்து மூன்றாம் பக்கத்தில், இருக்கைகளுக்குப் பயன்படுத்தப்பட்டது 'மலிவான, தரம் குறைந்த தோல்' என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். இரண்டு இரவு தூங்கவில்லை. எழுதியவர் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. அந்த ஒரு வரி திருத்தப்பட வேண்டும், அதற்கு நடந்தது முழுவதும் தெரியவேண்டும் என்பதால் எழுதினேன்.

ஆகவே: மருந்து இல்லாத தோலைப் போட்டது நான். ஆறு இருக்கைகளில் துணியை எடுக்கச் சொன்னது நான். ஹெலனிடமும் வாஹித் பாஷாவிடமும் சொன்னது இரண்டும் பொய். எரியும் என்று தெரியும்.

பூங்குழலியைத் திமிரியில் அவர்கள் நிலத்திலேயே எரித்தார்கள். நான் போனேன். இறந்த மற்ற மூவரும் ஒரே குடும்பம். தாய், மகன், மருமகள். ஹெலனின் உரிமம் போய்விட்டது, ஜாமீனில் அம்மாவோடு இருக்கிறாள், வெளியே வருவதில்லை. வாஹித் பாஷா எட்டு மாதமாகச் சிறையில் இருக்கிறார். அவர் கடையை மகன் தபரேஸ் விற்றுவிட்டான். முதலாளி தோல் வியாபாரத்தை மேனேஜர் கையில் விட்டுவிட்டு ஆற்காட்டில் கல்யாண மண்டபம் கட்டுகிறார். விமானத்தை உடைத்து எடைக்குப் போட்டார்கள். மெர்சி இதை இன்னும் படிக்கவில்லை.

உங்களிடம் சான்றுப் பொருள்களில் ஐந்தாம் இருக்கையின் கைப்பிடியில் இருந்து எரியாமல் மிஞ்சிய துண்டு ஒன்று, உள்ளங்கை அகலத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் வைத்தால் தோல் வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். தயவுசெய்து அதை வெளியே எடுங்கள். வடக்குப் பக்கத்து வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை தடவிப் பாருங்கள், கையில் எண்ணெய் இல்லாமல்.